வளர்ந்தனவும் வளர்த்தனவும்: பொறியியல் தமிழின் வினைச்சொற்கள் பற்றிய ஒரு திறனாய்வு

திருச்சிராப்பள்ளியினின்று காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, முசிறியைக் கடந்து தொட்டியத்தை அணுகுவார்க்கு, இருமருங்கும் வாழைத்தோட்டங்களே காட்சி தரும். ஆறு இப்பகுதியில் மிக அகன்று கிடத்தலின் இதனை அகண்ட காவிரி என்பர். கோடைச் சூறை அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, இத்தோட்டங்களில் உழவர் தம்முள் வினவிக்கொள்வதை யாம் கேட்டதுண்டு. ‘எத்தனை மரம் போயிற்று?’ என்பது அவர்தம் முதல் வினா அன்று, ‘சாய்ந்ததா, முறிந்ததா?’ என்பதே முதல் வினா. சாய்ந்த வாழை கிழங்கோடு மண்ணைவிட்டுப் பெயர்ந்தது. நீர் தேங்கி மண்ணின் பிடி தளர்ந்தமை அதற்குக் காரணமாகலாம். முறிந்த வாழையோ நிலத்தில் ஊன்றியே நின்று, குலையின் பாரம் தாங்காது இடையில் ஒடிந்தது; முட்டுக் கொடாமையோ, கொடுத்த முட்டு நழுவினமையோ அதற்குக் காரணம். முன்னதற்கு மருந்து மண்ணில் உளது. பின்னதற்கு மருந்து மூங்கிற்கழியில் உளது. வினைச்சொல் ஒன்றாலேயே நோயும் மருந்தும் பிரிந்துவிடுகின்றன. ‘வாழை சேதமடைந்தது’ என்று அவர் கூறுவதில்லை. அது அலுவலகப் படிவத்தில் எழுதப்படும் தொடர்.

படிவத்தின் தொடர் எவ்வாறு எம் அறிவியல் உரைநடையின் தொடராயிற்று என்பதே ஈண்டு எம் ஆய்வுப்பொருள். எடுத்துக்காட்டுகளாகப் பொறியியலின் இரு துறைகளைக் கொண்டோம்: நிலநடுக்கத்தாற் பாலங்களுக்கு நேரும் கேடு ஒன்று, கரிமக் குழல்களை வளர்க்கும் நுட்பம் மற்றொன்று. ஒன்று மலைபோற் பெரிய பொருள். மற்றொன்று கண்ணுக்கும் எளிய நுண்ணோக்கிக்கும் புலனாகாச் சிறிய பொருள். தம்முள் இத்துணை விலகிய இரண்டிலும் தமிழ் எழுதுவார் ஒரே இடத்தில் வழுக்குகின்றனர் என்பது எம் துணிபு. அவ்விடம் பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல்.

தமிழிற் கலைச்சொல்லாக்க முயற்சி நெடிய வரலாறு உடையது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டாக்டர் கிறீன் காலந்தொட்டு, 1916-ஆம் ஆண்டு சேலத்தில் இராசாசி முதலியோர் நிறுவிய பரிபாஷைச் சங்கம், 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் ஆகியவற்றின் ஊடாக, அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிய 2010-ஆம் ஆண்டு வரை அவ்வரலாறு நீள்கின்றது. இம்முயற்சிகளின் பயனை யாம் குறைத்து மதிப்பிடோம். ஆயினும் கலைச்சொற்பட்டி எதனையேனும் எடுத்துப் புரட்டுக. பக்கந்தோறும் பெயர்கள், வினை வருமிடத்தும் அது ‘-தல்’, ‘-ஆக்கம்’ என்னும் ஈறு பெற்றுத் தொழிற்பெயராய் உறைந்தே நிற்கும். வடசொல்லா தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்று எம்முன்னோரும் யாமும் வாதிட்ட வாதமெல்லாம் பெயரைப் பற்றியதே. தமிழ்த்துறைகளின் பொறுப்பும் இதில் உண்டு. சொல்லின் பிறப்பை ஆராய்ந்த அளவிற்கு அது தொடரில் நிற்கும் நிலையை யாம் ஆராய்ந்திலேம்.

தொல்காப்பியர் இவ்வாறு விட்டாரல்லர். ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டும் முதனிலைகளை அவர் வேற்றுமை மயங்கியலுள் எட்டாக எண்ணினார். தொழில், அதனைச் செய்வது, அதற்கு உட்படும் பொருள், அது நிகழும் இடம், காலம், துணைநிற்கும் கருவி, யார்பொருட்டு அல்லது எதன்பொருட்டு என்பது, விளையும் பயன் ஆகிய எட்டும் அவை. எல்லாம் எல்லாத் தொடரிலும் வெளிப்பட வேண்டுவதில்லை. சில குன்றியும் வரும் என்பதனையும் அவரே உடன்பட்டார். இதனை இலக்கண மாணவர் வேற்றுமைக்குரிய செய்தியாகக் கற்று விடுகின்றனர். யாமோ இதனைச் சிறந்ததொரு திறனாய்வுக் கருவியாகக் கருதுகின்றோம். பொறியியற் செய்தி கூறும் தமிழ்த்தொடர் எதனையும் இவ்வெட்டின்முன் நிறுத்தி, எது மறைந்தது, எது இடம் மாறிற்று என வினவலாம்.

முதற்கண் திருச்சிராப்பள்ளியார் கண்முன் நிகழ்ந்ததொன்றைக் காண்போம். அது நிலநடுக்கம் அன்று, வெள்ளம். ஆயினும் பாலத்தின் கேட்டைத் தமிழ் எவ்வாறு கூறுகின்றது என்பதற்கு அதனினும் அணிமையான சான்று இல்லை. திருவானைக்காவற்கு வடக்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் அமைந்த இரும்புப்பாலம், புதிய பாலம் வந்தபின் ஊர்திப் போக்குவரவு ஒழிந்து நின்றது. 2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் அதன் தூண்கள் சில நிலைகுலைந்து, அவற்றின்மேல் இருந்த பகுதி ஆற்றில் வீழ்ந்தது. அதே வாரத்தில், ஆகஸ்டு 22 அன்று, முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் 9 பெயர்ந்தன. இரண்டற்கும் நாம் கேட்ட தொடர் ‘இடிந்து விழுந்தது’ என்பதே. இடிதலாவது மேலுள்ளது பிளந்து, நொறுங்கி வீழ்தல், பழஞ்சுவர் இடியும். கொள்ளிடத்துத் தூண் பிளந்து வீழ்ந்ததன்று. ஓடும் நீர் தூணடி மணலை அரித்துக் குழியாக்க, ஊன்றுதல் இழந்த தூண் சாய்ந்தது. தூண் சாயவே மேலுள்ள உத்திரம் வீழ்ந்தது. ‘இடிந்தது’ என்று கேட்டவன் இரும்பின் துருவையும் கல்லின் பிளவையும் தேடுவான். ‘அடி அரிபட்டுச் சாய்ந்தது’ என்று கேட்டவன் ஆற்றுமணலின் மட்டத்தை அளக்கச் செல்வான். தொண்ணூறு ஆண்டு நின்ற பாலம் முதுமையால் இடிந்தது என எண்ணி அமைதல் எளிது. இளைய பாலமும் அதே மணலில்தான் ஊன்றியுள்ளது என்னும் எண்ணமோ அமைதி தாராது.

பாலம் என்பதனை ஒரே பொருளாகக் கொள்ளுதலும் இப்பிழைக்கு ஒரு காரணம். 1964 டிசம்பரிற் பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தைப் புயலலை ‘அடித்துச் சென்றது’ என்பர். சென்றவை உத்திரங்கள், தூண்கள் பெரும்பாலும் நின்றன. கடலினின்று மீட்ட உத்திரங்களையும் கொண்டு 46 நாட்களில் அப்பாலம் மீண்டும் இயங்கியதன் மறைபொருள் அதுவே. எம் நாட்டுக் கொத்தர் பாலத்தைக் ‘கண்’ கணக்கிலே எண்ணினர். பதின்மூன்று கண் பாலம், பதினாறு கண் மதகு என்பன இன்றும் ஊர்வழக்கு. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கண் என்ற வழக்கு, பாலம் பல உறுப்புக்களின் கூட்டு என்பதனை மறவாதது. பாடநூலில் இதற்கு ‘வீச்சு’, ‘இடைநீளம்’ எனப் புதுச்சொற்கள் படைத்தோர் இக்கண்ணைக் கண்டிலர் போலும்.

இனி நிலநடுக்கத்தாற் பாலங்களுக்கு நேரும் கேட்டிற்கு வருவோம். எம் உரைநடையில் நிலைபெற்ற தொடர்கள் இரண்டு: ‘நிலநடுக்கம் பாலத்தைத் தாக்கியது’ என்பதும், ‘நிலநடுக்கத்தால் பாலம் சேதப்படுத்தப்பட்டது’ என்பதும். பின்னதைப் பற்றி மிகப் பேச வேண்டுவதில்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினையை ஓரெழுத்தும் குறையாது சுமந்து வந்த தொடர் அது. முன்னதோ செம்மையான தமிழ். ஆதலின் அதன் பிழை ஆழமானது. தாக்குதல் என்னும் வினைக்குச் செய்பவன் புறத்தே நிற்க வேண்டும். பகைவன் தாக்குவான், அலை தாக்கும், காற்றும் தாக்கும். நிலநடுக்கம் அவ்வாறு வெளியிலிருந்து வந்து மோதுவதன்று. தூணின் அடியிலுள்ள நிலம் நகர்கின்றது. தூண் அதனுடன் நகர்கின்றது. மேலுள்ள பாரமோ தான் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கின்றது. இவ்விரண்டற்கும் இடையே எழும் இழுபறியே பாலத்தைக் கெடுப்பது. அவ்விசை பாலத்தின் பாரத்தினின்றே பிறத்தலின், பாரம் மிக மிக இசையும் மிகும். ‘தாக்கியது’ என்று கற்ற மாணவன் கோட்டைச்சுவர் போலப் பாலத்தைப் பருமனாக்குதலே காப்பு எனக் கருதுவான்; அக்கருத்து அவனை நேர்மாறான திசையிற் செலுத்திவிடும். இங்கு வினைச்சொற் பிழை நடைப்பிழை என்னும் அளவில் நில்லாது பொறியியற் பிழையாகவே முடிகின்றது.

இதற்குரிய வினையைத் தமிழ் முன்னரே வைத்துள்ளது. நடுங்குதல் தன்வினை, நடுக்குதல் பிறவினை. நிலம் நடுங்குகின்றது, நடுங்கும் நிலம் தன்மேல் நின்றதை நடுக்குகின்றது. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறிய அவ்வளவில், செய்வது எது, உட்படுவது எது என்பது தெளிவாகின்றது. இப்பிறவினையை எந்தப் பாடநூலிலும் யாம் கண்டிலேம்.

நிலம் நடுக்கியபின் பாலம் என்னாயிற்று என்பதற்கும் வினைகள் பல வேண்டும். 2002 செப்டம்பர் 14 அன்று வட அந்தமானில் நேர்ந்த நிலநடுக்கத்தில், வட அந்தமானையும் நடு அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் நீரிணைப் பாலத்தின் உத்திரங்கள் தாங்கிகளின்மேல் இடம் பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26-இன் பெருநடுக்கத்தில் நடுக்கண்கள் சில பக்கவாட்டில் மீண்டும் நழுவின. முதற் கேட்டைச் சரியான வினையாற் பதிந்தார்க்கு, நழுவுவதைத் தடுக்கும் பிடிப்பு அங்கு இல்லை என்பது அப்போதே புலப்பட்டிருக்கும். பொறியாளர் சிலர்க்குப் புலப்படவும் செய்தது. 2001 சனவரி 26 அன்று கட்சுப் பகுதியைக் குலைத்த நிலநடுக்கத்திலும், அப்பகுதியைச் சௌராட்டிரத்தோடு இணைக்கும் சூரஜ்பாரிப் பாலத்திற் பெருங்கேடு உத்திரமும் தூணும் சந்திக்கும் தாங்கிகளிலேயே நேர்ந்தது. 1989 அக்டோபர் 17 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் மேல்தளத்துக் கண் ஒன்று கீழ்த்தளத்தின்மேல் வீழ்ந்ததும் இவ்வகையே. பூட்டாணிகள் அறுந்தன, உத்திரம் இருக்கையினின்று நழுவிற்று, இருக்கையோ குறுகியது. அதே நாளில் ஓக்லந்தின் ஈரடுக்கு மேம்பாலத்திற் கண்டது வேறு: தூணும் தளமும் கூடும் மூட்டுக்கள் நொறுங்க, மேலடுக்கு கீழடுக்கின்மேல் அமர்ந்து, 42 பேர் மாண்டனர். 1995-இல் கோபே நகரின் உயர்த்திய சாலை அறுநூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்கு ஒருபுறமாகச் சாய்ந்தது. நழுவிற்று, நொறுங்கிற்று, சாய்ந்தது என மூன்று நோய்கள். தமிழில் இம்மூன்றையும் ‘இடிந்தது’ என்று எழுதுவோமாயின், இருக்கையை நீட்டுவதா, மூட்டுக்குள் இரும்பைச் செறிப்பதா, அடித்தளத்தை வலுப்படுத்துவதா என்னும் வினா எழவே இடமில்லை. தொட்டியத்து உழவன் கேட்ட வினாவும் இதுவே அன்றோ?

மணலைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். 1964 சூன் 16 அன்று சப்பான் நாட்டு நீகாத்தா நகரில், திறந்து ஒரு திங்களே ஆன ஷோவா பாலத்தின் கண்கள் 5 ஆற்றில் வீழ்ந்தன. நீர் நிறைந்த தளர்மணல் அதிர்ச்சியால் தன் பிடியை விட்டு, குழம்புபோல் இளகியதே காரணம். இதனைத் தமிழில் ‘திரவமாதல்’ என்றும் ‘நீர்மமாதல்’ என்றும் எழுதுகின்றனர். பனிக்கட்டி உருகி நீராதல் போல மணல் உருகிற்று என்று மயங்க இது இடந்தரும். மணல் மணலாகவே இருக்கின்றது. மணிக்கு மணி இருந்த பற்று மட்டுமே போகின்றது. நெகிழ்தல் என்னும் வினை இதற்கு மிகப் பொருந்தும். கட்டு நெகிழும், பிடி நெகிழும். நெகிழ்ந்தது மீண்டும் இறுகும் என்பதும் அச்சொல்லுள் அடங்கும். அதிர்ச்சி ஓய்ந்தபின் மணல் இறுகுதலும் உண்மையே. நிலநடுக்க வாய்ப்புப்பற்றிய இந்தியத் தரக்குறிப்பின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் திருச்சிராப்பள்ளியை அச்சம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைத்தது. சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பெற்றன. ஆதலின் காவிரிப்பாலங்கள் நாளையே நழுவும் என்று யாம் அச்சுறுத்தவில்லை. ஆயினும் 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் எழுந்த நடுக்கம் தென்னாடு முழுதும் உணரப்பட்டது என்பதும், இங்குத் தமிழ்வழிக் கற்ற பொறியாளர் கட்சிலும் அந்தமானிலும் பணிபுரியச் செல்வர் என்பதும் மறக்கற்பாலன அல்ல.

பெரிய பொருளை விட்டுச் சிறிய பொருளுக்குச் செல்வோம். கரியணுக்கள் அறுகோண வலையாக இணைந்த ஒரு தாள், தன்னைத்தானே சுருட்டி விளிம்பு பொருந்திய குழலாக நிற்பதே கரிமக் குழல். ஒற்றைச்சுவர்க் குழலின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே பல்லாயிரம் குழல்களை அடுக்கலாம். 1952-இலேயே சோவியத்து ஆய்வாளர் இருவர் இத்தகைய இழைகளின் படத்தை வெளியிட்டனராயினும், 1991-இல் சப்பானியர் சுமியோ ஈஜிமா வெளியிட்ட கட்டுரையே உலகின் கருத்தை ஈர்த்தது. பெயரைப் பற்றி நெடிது பேசோம். ‘நானோகுழாய்’ என்பாரும் ‘மீநுண்குழாய்’ என்பாரும் உளர். குழாய் என்றவுடன் உள்ளே நீரோடுதல் நினைவிற்கு வருதலின் குழல் என்பதே எமக்கு உவப்பு. இதில் மாறுபடுவாரோடு யாம் பகை கொள்ளோம்.

வினைக்கு வருவோம். இக்குழல்களை ‘உற்பத்தி செய்கின்றனர்’, ‘தயாரிக்கின்றனர்’ எனத் தமிழிற் பலவாறு எழுதப்படுகின்றது. அத்துறை ஆய்வாளரோ உலகெங்கும் ‘வளர்த்தல்’ என்னும் பொருளுடைய சொல்லையே ஆள்கின்றனர். இது வெறும் உருவகமா? செயல்முறையைக் காண்க. இரும்பு, நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றுள் ஒன்றன் நுண்டுகள்களை ஒரு பரப்பின்மேற் பரப்பி உலையுள் வைப்பர். 600 முதல் 1000 பாகை வரையிலான வெம்மையில் மீத்தேன், அசிட்டிலீன் போன்ற கரிமம் கொண்ட வளியை அதன்மேற் செலுத்துவர். உலோகத் துகளின்மேல் வளி சிதைந்து கரியணுக்களை விடுகின்றது. துகள் அவற்றை ஏற்று, நிறைந்தபின் வெளித்தள்ள, தள்ளப்பட்டவை குழற்சுவராக எழுகின்றன. துகளின் பருமையே பெரும்பாலும் குழலின் பருமையை வரையறுக்கும். மனிதன் செய்தவை துகள் பரப்பியதும், வெம்மை தந்ததும், வளி விட்டதுமே. சுவரை அவன் கட்டினானல்லன். உழவனும் கன்று நட்டு, நீர் பாய்ச்சி, எருவிடுகின்றானேயன்றி, இலையைச் செய்கின்றானல்லன்.

‘செய்தான்’ என்னும் வினையில், செய்யப்பட்ட பொருளுக்குத் தனக்கெனத் தொழில் இல்லை. ‘வளர்த்தான்’ என்னும் பிறவினையினுள்ளோ ‘வளர்ந்தது’ என்னும் தன்வினை அடங்கிக் கிடக்கின்றது. வளராததை எவரும் வளர்த்தல் இயலாது. ஆதலின் இங்கு வளர்த்தல் என்பதே பொருளறிந்து கூறும் சொல். துகள் அடியிலேயே தங்க, குழல் அதனினின்று மேலெழுவது ஒருவகை. துகளை நுனியிற் சுமந்துகொண்டே குழல் உயர்வது மற்றொரு வகை. முன்னதற்கு ‘அடிவளர்ச்சி’ எனச் சொல் படைத்தல் போதும் எனினும், வாழை குருத்துத் தள்ளுகின்றது, குலை தள்ளுகின்றது என்னும் தோட்டத்து வழக்கு அதனினும் செறிவுடையது. அடியிலிருந்து புதியது பிறந்து பழையதை மேலே உந்துதலைத் ‘தள்ளுதல்’ என்ற ஒரு சொல் காட்டிவிடுகின்றது.

இவ்வேறுபாட்டின் பயன் ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் அகழ்ந்தெடுத்த மட்கல ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சிற் கரிமக் குழல்கள் உள்ளன என்று, 2020-ஆம் ஆண்டில் வேலூர் ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின என அவற்றின் காலம் குறிக்கப்பெற்றது. செய்தி பரவியவுடன், ‘ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகட்கு முன்பே தமிழர் நானோ நுட்பம் அறிந்திருந்தனர்’ என்னும் முழக்கம் மேடைதோறும் எழுந்தது. தமிழின் தொன்மையில் எமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. ஆயினும் இத்தொடரைத் தொல்காப்பியரின் எட்டு முதனிலைகளின்முன் நிறுத்துவோம். செய்பவர் குயவர். தொழில் வனைதல், பூசுதல், சுடுதல். கருவி சூளை. இடமும் காலமும் அறிந்தனவே. செயப்படுபொருள் யாது? கலம், குழல் அன்று. எதன்பொருட்டு? கலத்தின் உறுதியோ அழகோ பொருட்டு; குழலின் பொருட்டன்று. எட்டனுள் எவ்விடத்தும் குழலுக்குச் செயப்படுபொருள் நிலை இல்லை. பூச்சிலிருந்த கரிமம், சூளையின் வெம்மையில், காற்றுக் குறைந்த உட்புறத்தில், தானே குழலாயிற்று. குழல்கள் வளர்ந்தன; எவரும் வளர்த்திலர்.

இது குயவர் பெருமையைக் குறைப்பதாகுமா? ஆகாது என்பதே எம் கருத்து. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணுள் கிடந்தும் உதிராத பூச்சினை அமைத்தார் அவர். அது அவர் செய்தது, முழுமையாகப் பிறவினை. எந்தச் சேர்மானத்தை, எத்துணை வெம்மையில், எவ்வாறு சுட்டனர் என்பது ஆராயற்குரிய பெருவினா. ‘நானோ நுட்பம் அறிந்திருந்தனர்’ என்னும் விடை அவ்வினாவை எழாமலே அடக்கிவிடுகின்றது. அவர் அறிந்ததை விடுத்து அறியாததற்குப் புகழ்தல், புகழ்வது போன்று இகழ்தலேயாம்.

தென்னாட்டு எஃகின் வரலாறும் இதற்குத் துணைநிற்கும். 17-ஆம் நூற்றாண்டுத் தமாசுக்கசு வாள் ஒன்றிற் கரிமக் குழல்கள் இருத்தலை 2006-இல் செருமானியர் பவுஃப்லர் குழுவினர் வெளியிட்டனர். அத்தகைய வாள்களுக்குரிய எஃகு தென்னிந்தியாவினின்று சென்றது. நொய்யற்கரைக் கொடுமணலிலும் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழப்பட்டுள்ளன. மேலைநாட்டார் அவ்வெஃகைக் குறித்த பெயரைக் கன்னட ‘உக்கு’ என்பதனோடு இயைப்பர். தமிழில் அதற்கு ‘உருக்கு’ என்று பெயர். உருகுதல் தன்வினை, உருக்குதல் பிறவினை; பிறவினைப் பகுதியே பொருளின் பெயராயிற்று. உலையில் இரும்பை உருக்கியது கொல்லன் கருதிச் செய்த தொழில். அதனைச் சொல்லே சான்று கூறுகின்றது. அவ்வுருக்கினுள் குழல் வளர்ந்தமைக்கு அத்தகைய சொல் எதுவும் இல்லை. இல்லாமையும் ஒரு சான்றே.

இவ்விரு துறைகளும் இன்று ஓரிடத்திற் கூடுகின்றன. சிமெண்டுக் கலவையிற் கரிமக் குழல்களைச் சிறிதளவு விரவினால், கலவை அழுந்தும்போதும் விரியும்போதும் அதன் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றத்தை அளந்து பாலத்தின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாது தோன்றும் கேட்டை அறியலாம் என்னும் ஆய்வு பல நாடுகளில் நிகழ்கின்றது. இதனைத் ‘தன்னைத்தானே உணரும் கான்கிரீட்டு’ எனத் தமிழில் எழுதுகின்றனர். கான்கிரீட்டு உணராது. அதன் தடை மாறும், கருவி காட்டும், மனிதன் உணர்வான். மூன்று வினைகளையும் ஒன்றாக்கி உணர்தலைக் கல்லின்மேல் ஏற்றினால், கருவியைப் படிக்க வேண்டிய மனிதன் தொடரினின்று மறைந்துவிடுகின்றான். தொடரில் மறைந்தவன் பாலத்தடியிலும் காணப்படான் என்று யாம் அஞ்சுவது மிகையா என்பதனைக் கொள்ளிடக்கரையார் கூறட்டும்.

எமக்கு எதிராக ஒன்று கூறப்படலாம். பொறியியல் வாய்பாட்டாலும் வரைபடத்தாலும் நடப்பது. சமன்பாடு சரியாயின் வினைச்சொல் எதுவாயின் என்ன என்பர். சமன்பாட்டை எழுதுவார்க்கு இது ஓரளவு பொருந்தலாம். பாலத்தை ஆண்டுதோறும் பார்வையிட்டுக் குறிப்பெழுதும் ஊழியர் சமன்பாடு எழுதுவதில்லை. அவர் தொடர் எழுதுகின்றார். ‘மூன்றாம் தூண் சேதம்’ என்று அவர் எழுதினால், மேலுள்ளார் அதனை நிதி வந்தபின் நோக்குவர். ‘மூன்றாம் தூணின்மேல் உத்திரம் கிழக்கே இரண்டு விரல் நழுவியுள்ளது’ என்று எழுதினால் அன்றே ஊர்தி புறப்படும். தமிழ்வழிக் கல்வியின் வெற்றி தோல்வி இத்தகைய குறிப்பேடுகளிலேதான் அளக்கப்படும். பட்டமளிப்பு மண்டபத்தில் அன்று.

ஆதலின் இனி வரும் கலைச்சொற்பட்டிகள் பெயரோடு அதற்குரிய வினையையும், அவ்வினையின் தன்வினை பிறவினை வடிவங்களையும் தருதல் வேண்டும் என்று கோருகின்றோம். தூண் என்றவிடத்துச் சாய்ந்தது, சாய்த்தது; அமிழ்ந்தது, அமிழ்த்தியது; உத்திரம் என்றவிடத்துப் பெயர்ந்தது, பெயர்த்தது; முறிந்தது, முறித்தது என அவை நிற்கும். எல்லா வினைக்கும் இத்தகைய இணை கிடைக்கும் என்று யாம் உறுதி கூறோம். ‘நழுவு’ என்பதற்கு நேரான பிறவினை இல்லை. ‘நழுவச்செய்’ எனத் துணைவினை கொண்டே அமைக்க வேண்டும். நீர் மணலைக் கொண்டுசெல்லுதற்குரிய ‘அரி’ என்பதோ மறுதலையாகப் பிறவினையாகவே நிற்கின்றது; ‘மணல் அரித்தது’ என்றால் அரித்தது மணலா, அரிபட்டது மணலா என ஐயம் பிறக்கின்றது. இவ்விடையூற்றிற்கு வழி காணும்பொருட்டு யாம் முசிறி முதல் தொட்டியம் வரை ஆற்றோரத்தாரை வினவினோம். வெள்ளம் தூணடியிற் செய்வதனை அவர் அரித்தது என்றும் கூறுகின்றனர். ஆயினும் அதனினும் மிகுதியாக, ‘ஆறு குழி பறித்துவிட்டது’ என்றே கூறுகின்றனர். செய்வது, செயல், செயப்படுபொருள் மூன்றும் அதில் உள. இத்தொடரைப் பட்டியில் எவ்வகரவரிசையில் வைப்பது என்பதனை அடுத்த தொகுப்பாளர் ஆராய்க.